பிளாட்டினக் கட்டி சொல்லும் பிறப்புக் கதை



பொன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றால் நம்மில் எவரும் தயங்கமாட்டோம். வெள்ளியைப் பற்றியும் அப்படியே. ஆனால் பிளாட்டினத்தைப் பற்றிக் கேட்டால்? வேதியியல் ஆய்வுக்கூடத்தில் சுடர்ச் சோதனைக்கு எடுக்கும் மெல்லிய கம்பி என்போம். தனிம அட்டவணையில் 78ஆம் இடத்தில் இருப்பது என்போம். பொன்னைவிடப் பெருமையாகப் பேசப்படும் நகை உலோகம் என்போம். அதற்குமேல் நமக்குச் சொல்லத் தெரிவது குறைவு.

இயற்கையில் இந்த உலோகம் எப்படிக் கிடைக்கிறது? ஆற்று மணலில் அரித்தெடுத்த ஒரு பிளாட்டினக் கட்டியை அறுத்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கும்? அந்தக் கட்டி எங்கே பிறந்தது என்பதை எவ்வாறு அறிகிறார்கள்? இவற்றை இக்கட்டுரையில் காண்போம். 'வேண்டாத கலப்பு' என்று பல காலம் ஒதுக்கப்பட்டவையே கடைசியில் அந்தப் பிறப்புக்குச் சாட்சி கூறின என்பதுதான் இக்கதையின் சுவை.

பெயர் வந்த விதம்

தென் அமெரிக்காவிலே, இன்றைய கொலம்பியா நாட்டின் மேற்குப் பகுதியில், சோக்கோ என்ற மழைக்காட்டு நிலம் உண்டு. ஸ்பெயின் நாட்டார் அங்கு ஆட்சி செய்த நாளில் ஆற்று மணலிலிருந்து பொன் எடுத்தார்கள். எடுத்தவர்கள் என்று சொல்வதைவிட, எடுக்கச் செய்தார்கள் என்பதே பொருந்தும். இடுப்பளவு நீரில் நின்று மணலை அரித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆண்களும் பெண்களும் ஆவர். பிளாட்டினத்தை முதலில் கையில் ஏந்திப் பார்த்த அந்த மக்களின் பெயர்களை எந்த அறிவியல் நூலும் குறித்து வைக்கவில்லை.

நம் வீடுகளில் அன்னையர் அரிசி அரிப்பதைப் பார்த்திருக்கிறோம். நீரோடு சேர்த்து ஆட்டும்போது அரிசி மேலே வரும். கல் அடியில் தங்கும். பொன் அரிப்பதும் அதே முறைதான். மணல் நீரோடு போய்விடும்; பாரமான பொன் தட்டின் அடியில் நிற்கும். ஆனால் சோக்கோவில் பொன்னோடு கூடவே சாம்பல் கலந்த வெண்ணிறத்தில் வேறொரு பொடியும் நின்றது. பொன்னின் அடர்த்தி 19.3, இந்தப் பொடியின் அடர்த்தியோ 14 முதல் 19 வரை. இரண்டும் ஏறக்குறைய ஒரே பாரம். எனவே எவ்வளவு அரித்தாலும் அவை பிரியவில்லை. ஒவ்வொரு மணியாகக் கையால் பொறுக்க வேண்டும்; அல்லது பாதரசத்தைச் சேர்த்துப் பொன்னை மட்டும் கரைத்து எடுக்கவேண்டும். சுத்தியலுக்கும் இப்பொடி எளிதில் மசியவில்லை, உலையிலும் உருகவில்லை.

ஸ்பானிய மொழியில் வெள்ளிக்கு 'பிளாட்டா' என்று பெயர். தொல்லை கொடுத்த இந்த உலோகத்தை 'பிளாட்டினா', அதாவது 'சிறு வெள்ளி', என்று இளக்காரமாக அழைத்தார்கள். அந்த ஏளனப் பெயரே இன்று உலகம் முழுவதும் மதிப்போடு நிலைத்துவிட்டது!

இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. பொன்னின் பாரம் இதற்கும் இருந்ததால், பொன்னோடு இதைக் கலந்து ஏமாற்றுவார்கள் என்று ஸ்பானிய அதிகாரிகள் அஞ்சினார்கள். எனவே கிடைத்த பிளாட்டினத்தை ஆற்றிலேயே கொட்டிவிடும்படி செய்தார்கள். ஆற்றிலிருந்து அரித்தெடுத்ததை ஆற்றுக்கே திருப்பினார்கள்.

பூமியின் வடிவத்தை அளக்க 1735இல் புறப்பட்ட குழுவோடு தென் அமெரிக்கா சென்ற அந்தோனியோ தெ உல்லோவா என்ற ஸ்பானியர், 1748இல் வெளியான தம் பயண நூலில் இவ்வுலோகத்தைக் குறிப்பிட்டார். 1750இல் இலண்டன் ராயல் கழகத்தில் இது பற்றிய விவரம் படிக்கப்பட்டது. 1752இல் சுவீடன் நாட்டு ஷெஃபர் இது தனியொரு புதிய உலோகமே என்று சோதித்துக் கூறினார்.

ஐரோப்பியர் திணறிய இவ்வேலையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்து முடித்தவர்கள் இருந்தார்கள். இன்றைய எக்குவடோர் நாட்டுக் கடற்கரையில், லா தோலீத்தா என்ற இடத்தில் வாழ்ந்த பழங்குடி மக்கள் பிளாட்டினத்தில் சிறு அணிகள் செய்தார்கள். பிளாட்டினம் உருகுவதற்கு 1768 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அவர்களுடைய கரியடுப்பில் அத்தனை வெப்பம் ஏது? அவர்கள் பிளாட்டினப் பொடியோடு சிறிது பொற்பொடியைக் கலந்து சூடேற்றினார்கள். 1064 டிகிரியில் உருகும் பொன், பிளாட்டின மணிகளுக்கு இடையே பாகுபோல் ஓடி அவற்றை ஒட்டவைத்தது. பின்னர் அடித்தும் மறுபடி காய்ச்சியும் ஒரே உலோகமாக்கினார்கள். எள்ளுருண்டையை எண்ணிப் பாருங்கள். எள் உருகுவதில்லை, வெல்லப்பாகு உருகி அதைப் பிடித்துக்கொள்கிறது அல்லவா?

கறுப்புக் கசடில் கிடைத்த செல்வம்

இனி ஆய்வுக்கூடத்துக்குள் நுழைவோம். பிளாட்டினத்தைக் கரைக்கக் கூடியது இராஜ திராவகம். ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கலவை அது. ஆற்றுப் பிளாட்டினத்தை அதில் இட்டுச் சூடேற்றினால் பெரும்பகுதி கரைந்துவிடும். ஆனால் அடியில் சிறிது கறுப்புப் பொடி மட்டும் பிடிவாதமாக நிற்கும். அதை வெறும் பென்சில் கரி என்று எண்ணிப் பலரும் ஒதுக்கினார்கள்.

1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹைட் வொல்லஸ்டன், ஸ்மித்சன் டெனன்ட் என்னும் இரு நண்பர்கள் பிளாட்டினத்தைத் தூய்மை செய்யும் தொழிலில் கூட்டுச் சேர்ந்தார்கள். வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். கரைந்த பகுதியை வொல்லஸ்டன் எடுத்துக்கொண்டார். கரையாத கறுப்புப் பொடியை டெனன்ட் எடுத்துக்கொண்டார்.

கரைசலிலிருந்து வொல்லஸ்டன் 1802இல் பல்லேடியம், 1804இல் ரோடியம் ஆகிய இரு புதிய தனிமங்களைப் பிரித்தார். ரோடியத்தின் உப்புகள் ரோஜா நிறமாக இருந்ததால், கிரேக்க மொழியில் ரோஜாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார். டெனன்ட் ஏமாந்து போனாரா? இல்லை. அந்தக் கறுப்புப் பொடியில் அவரும் இரண்டு தனிமங்களைக் கண்டார். ஒன்றின் உப்புகள் பல வண்ணங்களில் மின்னின. வானவில்லின் தேவதை ஐரிஸ் பெயரால் அது இரிடியம் ஆயிற்று. மற்றொன்றின் ஆக்சைடு கடுமையாக நாறியது. 'மணம்' என்னும் கிரேக்கச் சொல்லால் அது ஆஸ்மியம் ஆயிற்று. 1804இல் இவற்றை அவர் உலகுக்கு அறிவித்தார்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, ரஷ்யாவில் கசான் நகரப் பல்கலைக்கழகத்தில் கார்ல் கிளாஸ் என்பவர் இதே வகைக் கசடை மீண்டும் ஆராய்ந்தார். இளம்வயதிலேயே பெற்றோரை இழந்து, மருந்துக்கடையில் வேலை பழகிப் படிப்படியாக உயர்ந்தவர் அவர். யூரல் மலைப் பிளாட்டினத்தைத் தூய்மை செய்தபின் எஞ்சிய கழிவை வாங்கி வைத்துக்கொண்டு உழைத்தார். 1844இல் அதிலிருந்து ரூத்தேனியம் என்ற தனிமத்தைப் பிரித்தார். அக்காலத்து வேதியியல் மேதை பெர்சேலியஸ் முதலில் நம்பவில்லை. பின்னர் மாதிரியைப் பார்த்து ஒப்புக்கொண்டார். ரஷ்ய நாட்டின் இலத்தீன் பெயரே ரூத்தேனியம் என்ற பெயருக்கு மூலம்.

இவ்வாறு பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம், இரிடியம், ஆஸ்மியம், ரூத்தேனியம் என்னும் ஆறு உலோகங்கள் ஒரே குடும்பமாயின. ஐந்து புதிய தனிமங்களும் அன்று கிடைத்தது பிளாட்டினத் தாதுவின் 'அழுக்கி'லிருந்துதான் என்பதை மறவாதிருப்போம்.

தூய பிளாட்டினம் ஆற்றில் உண்டா?

தூய பிளாட்டினத்தின் அடர்த்தி 21.45. ஆற்றுக் கட்டிகளின் அடர்த்தியோ 14 முதல் 19 வரை என்று முன்னர்க் கண்டோம். ஏன் இந்தக் குறைவு? இயற்கைப் பிளாட்டினம் தனியாக இருப்பது மிக அரிது. அதனோடு இரும்பு சேர்ந்தே இருக்கும். சிறிது செம்பு, நிக்கல், பல்லேடியம், ரோடியம் ஆகியவையும் கலந்திருக்கும். இரும்பு மிகுந்த சில மணிகளைக் காந்தம்கூட இழுத்துக்கொள்ளும்.

இக்கலவையில் ஓர் ஒழுங்கும் உண்டு. காலை வழிபாட்டுக்கு மாணவியர் வந்து நிற்பதை நினைத்துக்கொள்வோம். வந்தவர்கள் வந்தபடி கலைந்து நிற்கலாம். அல்லது மூன்று வெள்ளைச் சீருடைக்கு ஒரு நீலச் சீருடை என்று வரிசையிட்டு நிற்கலாம். கூட்டத்தில் உள்ளவர்கள் அதே மாணவியர்தாம். ஆனால் தோற்றம் வேறு. பிளாட்டின அணுக்களும் இரும்பு அணுக்களும் ஒழுங்கின்றிக் கலந்து நின்றால் அது ஒரு கனிமம். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒழுங்காக நின்றால் அது வேறொரு கனிமம். அதற்கு ஐசோஃபெரோபிளாட்டினம் என்று பெயர்.

அந்த ஒழுங்கைக் கணக்கிட்டுப் பார்ப்போமா? ஒரு கனசதுரத்தை வரையுங்கள். அதன் எட்டு மூலைகளிலும் இரும்பு அணுவை வையுங்கள். ஆறு முகங்களின் நடுவிலும் பிளாட்டின அணுவை வையுங்கள். ஒவ்வொரு மூலையையும் எட்டுக் கனசதுரங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகவே ஒரு கனசதுரத்துக்குச் சேரும் இரும்பு எட்டில் எட்டு, அதாவது ஒன்று. ஒவ்வொரு முகத்தையும் இரண்டு கனசதுரங்கள் பங்கிடுகின்றன. ஆகவே பிளாட்டினம் ஆறில் பாதி, அதாவது மூன்று. எடையில் பார்த்தால் இதில் நூற்றுக்கு 91 பங்கு பிளாட்டினம்; மீதி இரும்பு.

ஒன்றுக்கு ஒன்று சேர்ந்தால் டெட்ராஃபெரோபிளாட்டினம். இரும்பின் இடத்தில் பாதியைச் செம்பு பிடித்துக்கொண்டால் துலமீனைட். கனடாவின் துலமீன் ஆற்றில் கிடைத்ததால் அப்பெயர். இவற்றின் பெயர்களையும் எல்லைகளையும் 1975இல் காப்ரி, ஃபெதர் என்னும் இரு அறிஞர்கள் வரையறுத்தார்கள். வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒரே வெண்சாம்பல் மணிகள்தாம். எக்ஸ் கதிர்களைச் செலுத்தினால்தான் அணுக்களின் வரிசை தெரியும்.

கட்டியின் உள்ளே

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது நம் பழமொழி. பிளாட்டினக் கட்டிக்கு அது பொருந்தாது. ஆற்றில் உருண்டு தேய்ந்த அதன் முகம் எதையும் காட்டுவதில்லை. பல கட்டிகள் இரும்புத் துரு படிந்து கறுத்தும் கிடக்கும். எனவே கனிம அறிஞர்கள் கட்டியைப் பிசினில் பதித்து, பாதியாகத் தேய்த்து, வைரப் பொடியால் கண்ணாடிபோல் மெருகிடுகிறார்கள். பின்னர் நுண்ணோக்கியின் கீழ் வைத்து மேலிருந்து ஒளியைப் பாய்ச்சுகிறார்கள்.

அப்போது வெண்ணிறத் தளத்தின் நடுவே வேறு நிறங்களில் சிறு ஊசிகள், சதுரங்கள், துளிகள் தெரியும். இவை உள்ளே பொதிந்து கிடப்பதால் உட்பொதிவுகள் எனப்படும். பல உட்பொதிவுகள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. இவ்வளவு சிறிய புள்ளி எதனால் ஆனது என்று எப்படி அறிவது? 1951இல் பிரான்சு நாட்டு ரேமோன் கஸ்தேங் தம் ஆய்வேட்டில் ஒரு வழியை விளக்கினார். நுண்ணிய எலக்ட்ரான் கற்றையை அப்புள்ளியின்மீது பாய்ச்சினால், அங்குள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளியிடும். அதை அளந்தால் எந்தத் தனிமம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். கட்டியைக் கரைக்காமலே அதன் உள்ளடக்கம் தெரிகிறது!

உட்பொதிவுகளில் முக்கியமானவற்றை வரிசையாகக் காண்போம்.

முதலாவது, ஆஸ்மியமும் இரிடியமும் சேர்ந்த கலவை. நீண்ட தகடுகளாகவும் ஊசிகளாகவும் இருக்கும். ஆஸ்மியம் உருக ஏறத்தாழ 3000 டிகிரி வெப்பம் தேவை; அடர்த்தியிலும் எல்லாத் தனிமங்களுக்கும் அதுவே முதலிடம். டெனன்ட்டின் கறுப்புப் பொடி இப்போது யார் என்று தெரிகிறதா? கட்டிக்குள் ஒளிந்திருந்த இந்த ஊசிகளே அமிலத்தில் கரையாமல் கசடாக எஞ்சின.

இரண்டாவது, லாரைட். ரூத்தேனியமும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இது. போர்னியோத் தீவின் பிளாட்டின மணலில் கண்ட இதை 1866இல் ஜெர்மானிய வேதியியலார் வோலர் விவரித்தார். அமெரிக்க வேதியியலாரான தம் நண்பரின் மனைவி லாரா ஜாய் அம்மையாரின் பெயரையே இதற்குச் சூட்டினார். ஒரு பெண்மணியின் பெயர் தாங்கிய கனிமம் என்று நாமும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, குரோமைட். இரும்பும் குரோமியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கறுப்புக் கனிமம். இதனோடு சில கட்டிகளில் பச்சை நிற ஆலிவினும் இருக்கும். இவை உலோகங்கள் அல்ல. பாறையை ஆக்கும் பொருள்கள். உருகிய பாறைக்குழம்பின் துளிகள் இறுகிக் கிடப்பதும் உண்டு.

நான்காவது, செம்பு, ரோடியம் முதலியன கந்தகத்தோடு சேர்ந்த சல்ஃபைடுகளும், பிளாட்டினம் ஆர்செனிக்கோடு சேர்ந்த ஸ்பெரிலைட்டும். ஸ்பெரிலைட்டு 1889இல் கனடாவின் சட்பரிப் பகுதித் தாதுவிலிருந்து அறியப்பட்டு, ஸ்பெரி என்னும் வேதியியலாரின் பெயரைப் பெற்றது.

ஆறு பெற்றதா, பாறை பெற்றதா?

கட்டியைக் கொடுத்தது ஆறு. அப்படியானால் அது ஆற்றிலேயே சிறுகச் சிறுக வளர்ந்ததா? அல்லது ஏதோ ஒரு பாறையில் பிறந்து, மழையாலும் வெயிலாலும் பாறை சிதைந்தபின் ஆற்றில் வந்து சேர்ந்ததா? இது வீண் வாதம் அன்று. பாறையில் பிறந்ததென்றால் மேலே சென்று தாய்ப்பாறையைத் தேடலாம். ஆற்றிலேயே வளர்ந்ததென்றால் அந்தத் தேடலில் செலவழியும் பணமும் உழைப்பும் வீண்.

ரஷ்யாவின் யூரல் மலைப் பகுதியில் 1819இல் ஆற்றுப் பிளாட்டினம் அறியப்பட்டது. 1824, 1825ஆம் ஆண்டுகளில் செழிப்பான படிவுகள் கிடைத்தன. 1828 முதல் 1845 வரை ரஷ்ய அரசு பிளாட்டினத்தில் ரூபிள் நாணயங்களே அடித்து வெளியிட்டது. யூரலில் கிடைத்த ஒரு கட்டி ஏறத்தாழ 7 கிலோ 860 கிராம் எடையோடு மாஸ்கோவின் வைர நிதியத்தில் இருக்கிறது. இத்தனை எடை இருந்தும் அது அடைப்பது ஏறத்தாழ அரை லிட்டர் தண்ணீரின் இடத்தைத்தான். இவ்வளவு கிடைத்தும், பிளாட்டினம் செறிந்த தாய்ப்பாறை அங்கே கண்டறியப்பட்டது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். நிஷ்னி தகில் அருகே, ஆலிவினாலான டூனைட் என்ற பாறையில், குரோமைட் திரண்ட இடங்களில் பிளாட்டினம் ஒட்டிக்கொண்டிருந்தது.

இப்போது உட்பொதிவுகளைச் சாட்சிக்கு அழைப்போம். குரோமைட்டும் ஆலிவினும் ஆற்று நீரில் விளைவதில்லை. 1000 டிகிரிக்கு மேற்பட்ட பாறைக்குழம்பில் படிகமாகின்றன. அவை கூர்மையான முனைகளோடு பிளாட்டினத்தின் வயிற்றுக்குள் இருக்கின்றன. சில குரோமைட் மணிகளின் உள்ளேயோ பிளாட்டினம் இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே காலத்தில், ஒரே வெப்பத்தில் வளர்ந்தன என்று அறிகிறோம்.

ஆஸ்மிய ஊசிகள் கூறும் சாட்சி இன்னும் நுட்பமானது. சில கட்டிகளில் இவ்வூசிகள் மனம்போனபடி கிடக்காமல், குறிப்பிட்ட சில திசைகளில் அணிவகுத்திருக்கும். காரணம் என்ன? சூடான பாகில் கரைந்திருக்கும் சர்க்கரை, பாகு ஆறும்போது கற்கண்டாகப் பிரிகிறது. அதுபோல, மிகுந்த சூட்டில் பிளாட்டினத்தோடு கலந்திருந்த ஆஸ்மியம், கட்டி மெல்ல ஆறும்போது அதற்குள்ளேயே பிரிந்து, பிளாட்டினப் படிகம் இடங்கொடுத்த திசையில் ஊசியாக நீண்டது. ஆற்று நீரின் குளிர்ச்சியில் இது நடக்கக்கூடிய செயலன்று.

ரஷ்யாவின் கிழக்கே கபரோவ்ஸ்க் பகுதியில் கோண்டியோர் என்ற மலை உண்டு. வானத்திலிருந்து பார்த்தால் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் அகலமுள்ள வட்டமான வளையம் தெரியும். விண்கல் விழுந்த பள்ளமோ என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது பூமிக்குள் எழுந்து இறுகிய பாறைக்குழம்பு. நடுவில் டூனைட், சுற்றிலும் வேறு பாறைகள். அங்கே 1984 முதல் ஆற்றுப்படிவுகளில் பிளாட்டினம் எடுக்கிறார்கள். தேயாத கூர்முனைகளோடு அழகிய கனசதுரப் படிகங்கள் கிடைக்கின்றன. சிலவற்றின்மேல் பொன் தோல்போல் படிந்திருக்கும். நாம் மேலே வரைந்த கனசதுரத்தின் ஒழுங்கு, கோடானு கோடி முறை அடுக்கப்பட்டுக் கண்ணுக்குத் தெரியும் வடிவமாகவே நிற்கிறது!

அக்கட்டிகளின் வயதையும் அறிய முயன்றிருக்கிறார்கள். பிளாட்டினத்தில் 190 என்ற எடையெண் கொண்ட அணுக்கள் மிகச் சிறிய அளவில் உள்ளன. அவை மிக மெதுவாகச் சிதையும்போது ஹீலியம் பிறக்கிறது. அந்த ஹீலியம் கட்டிக்குள்ளேயே சிறைப்பட்டிருக்கும். அதை அளந்து ரஷ்ய அறிஞர்கள் கோண்டியோர்ப் பிளாட்டினத்தின் வயது ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகள் என்று கணித்துள்ளனர்.

அப்படியானால் எல்லாக் கட்டிகளும் பாறைக்குழம்பின் பிள்ளைகள்தாமா? அவசரப்பட வேண்டாம். பிரேசில் நாட்டின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில், போம் சுசெசோ என்ற ஓடையில் கிடைக்கும் கட்டிகள் திராட்சைக் குலைபோல் திரண்டிருக்கும். உள்ளே பிளாட்டினமும் பல்லேடியமும் வளையம் வளையமாக மாறிவரும், பாதரசமும் உண்டு. குரோமைட்டும் ஆஸ்மிய ஊசிகளும் காணப்படுவதில்லை. எனவே இவை குறைந்த வெப்பத்தில், உலோகங்களைக் கரைத்து வந்த நீரிலிருந்து படிந்தவை என்று கருதுகிறார்கள். பிரேசில், கொலம்பியா, ஆஸ்திரேலியா நாட்டு மணிகளின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் வாழ்ந்து உலோகத்தைச் சிறிது கரைத்தும் படியவைத்தும் மாற்றுகின்றன என்று 2016இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஆகவே ஒவ்வொரு கட்டியையும் அதனதன் சாட்சியைக் கேட்டே தீர்ப்புச் சொல்லவேண்டும். சாட்சி இல்லாமையும் ஒரு சாட்சியே!

நமக்கு இதனால் என்ன பயன்?

இன்று உலகின் பிளாட்டினத்தில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில் பாறையை வெட்டியே எடுக்கப்படுகிறது. 1924இல் ஹான்ஸ் மெரென்ஸ்கி அங்கே தொடர்ந்து சென்று கண்ட பாறை அடுக்கு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ஒரு டன் பாறையில் சில கிராமே கிடைக்கும் அத்தகைய இடங்களில், எந்தப் பாறையில், எந்தக் கனிமத்தோடு பிளாட்டினம் சேர்ந்திருக்கும் என்ற அறிவே வழிகாட்டி. தமிழ்நாட்டில் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் உள்ள குரோமைட் அடுக்குகளிலும் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினர் பிளாட்டினக் குடும்ப உலோகங்களைத் தேடி ஆராய்ந்துள்ளனர். குரோமைட்டை ஏன் தேடுகிறார்கள் என்பது இக்கட்டுரையைப் படித்தவர்களுக்கு விளங்கும்.

எடுத்த உலோகம் எங்கே போகிறது? மோட்டார் வண்டிகளின் புகைக்குழாயில் நச்சு வாயுக்களை மாற்றும் கருவியில் பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் வேலை செய்கின்றன. 1965இல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பர்க், பிளாட்டினத் தகடுகளின் வழியே மின்சாரம் செலுத்தியபோது பாக்டீரியாக்கள் பிரிந்து பெருகாமல் நின்றதைக் கவனித்தார். காரணத்தைத் தேடியதில் சிஸ்பிளாட்டின் என்ற சேர்மம் வெளிப்பட்டது. 1978 முதல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற அது இன்றும் புற்றுநோய்க்கு முக்கிய மருந்தாக விளங்குகிறது. 1889 முதல் 2019 வரை உலகுக்கெல்லாம் ஒரு கிலோகிராம் எது என்று காட்டிய உருளையும் பிளாட்டினமே. நூற்றுக்குப் பத்துப் பங்கு இரிடியம் சேர்ந்தது. டெனன்ட் கசடில் கண்ட அதே இரிடியம்தான்!

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கடைகளில் 'ஒயிட் கோல்டு' என்று விற்பது பிளாட்டினம் அன்று. பல்லேடியம் அல்லது நிக்கல் போன்றவற்றைச் சேர்த்து வெளுப்பாக்கிய பொன்னே அது. பிளாட்டின நகையில் 950 என்ற முத்திரை இருந்தால் ஆயிரத்தில் 950 பங்கு பிளாட்டினம் என்று பொருள். வாங்குமுன் முத்திரையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சகோதரியரே! பொன்னைக் கெடுக்கும் என்று பிளாட்டினத்தை ஆற்றில் கொட்டினார்கள். பிளாட்டினத்தைக் கெடுக்கும் என்று கறுப்புப் பொடியை ஒதுக்கினார்கள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் குனிந்து அதை எடுத்து, இது என்ன என்று பொறுமையாகக் கேட்டார். தனிமங்களும், மருந்தும், ஒரு மலையின் வயதும் அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகள். அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் வடிதாளின்மேல் நாம் எதிர்பாராத கசடு தங்கினால், உடனே கழுவி ஊற்றிவிடாமல், அதன் நிறத்தையும் வடிவத்தையும் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி வைப்போம்.